பெரம்பூரில் 12,000-க்குள் ஒரு வீடு: எதைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது?

வீடுதேடி | 6 ஜூலை 2025, காலை 8.10

பெரம்பூர், செம்பியம், அயனாவரம், ஓட்டேரி. இந்த நாலு இடத்துக்குள் ஒரு பெட்ரூம் வீடு வேணும். வாடகை 12,000-க்கு மேல் தாங்காது. அட்வான்ஸ் 60,000 வரை புரட்டலாம். ரெண்டு பேர், வேலை சென்ட்ரல் பக்கம். ஒரு வீடு பார்த்தோம்: பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே ரெண்டாவது சந்து, முப்பது வருஷக் கட்டடம், முதல் மாடி, வாடகை 11,500, அட்வான்ஸ் ஆறு மாசம். "மெட்ரோ வந்தா 18,000 போகும், இப்பவே பிடிச்சிடுங்க" என்கிறார் புரோக்கர். பிடிக்கலாமா?

மூணாவது மாடி | 6 ஜூலை, காலை 8.55

மெட்ரோ வந்தா வாடகை ஏறும் என்பது வீடு வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டிய பேச்சு. வாடகைக்கு வருகிற உங்களுக்கு அது எச்சரிக்கை. மாதவரத்திலிருந்து சிப்காட் போகிற தடம் மூலக்கடை, செம்பியம், பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம், புரசைவாக்கம் என்று உங்கள் நாலு ஏரியாவையும் தொட்டுக்கொண்டு போகிறது. வேலை நடக்கிற காலம் முழுக்கத் தூசியும் தடுப்பும் ஒருவழிப் பாதையும் உங்களுக்கு. ரயில் ஓட ஆரம்பிக்கும்போது நீங்கள் அதே வீட்டில், தாங்குகிற வாடகையில் இருக்கணும். அதற்கு இன்றைய வாடகையை விட, அடுத்த ஏற்றம் எவ்வளவு என்று எழுத்தில் இருப்பதுதான் முக்கியம்.

இன்னொன்று, 11,500 என்பது வாடகை மட்டும். தண்ணி, கரண்ட், மெயின்டனன்ஸ் யார் கணக்கு என்று சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

வீடுதேடி | 6 ஜூலை, காலை 9.20

கரண்ட் சப் மீட்டர், யூனிட் 8 ரூபாய். மெயின்டனன்ஸ் 500. தண்ணி போர்வெல், குடிக்க மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணி) கீழே சம்ப்பில் (தரைத் தொட்டியில்) வரும். கோடையில் லாரி வாங்கினால் பங்கு.

மீட்டர்பெட்டி | 6 ஜூலை, காலை 10.05

சப் மீட்டர்னா முதல்ல கணக்கு பாருங்க. மாசம் 150 யூனிட் ஓடுதுன்னு வைங்க. ரெண்டு மாசத்துக்கு 300. யூனிட் 8 ரூபாய்னா 2,400. அதே 300 யூனிட் தனி இ.பி. கனெக்‌ஷன்ல ஓடினா முதல் 100 இலவசம், மிச்சம் 200-க்கும் குறைஞ்ச ஸ்லாப் (படி) விலைதான், பில் ஆயிரத்துக்குள்ள முடியும். மாசத்துக்கு 700 ரூபாய்க்கு மேல வித்தியாசம். 12,000 வாடகையில தனி கனெக்‌ஷன் இருக்கிற வீடும் 11,300-ல சப் மீட்டர் இருக்கிற வீடும் ஒண்ணுதான்.

நாலு குடித்தனம் ஒரே மெயின் மீட்டர்ல ஓடினா ரெண்டு மாசத்துல 500 யூனிட்டை சுலபமா தாண்டிடும். தாண்டினா படி விலையே மாறிடும். ஓனர் 8 கேட்கிறதுல அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். அதனால சண்டை போடாம மெயின் பில்லைக் காட்டச் சொல்லுங்க. மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுத்தா என்ன வருதோ அதுதான் நேர்மையான விலை.

மீட்டரைச் சோதிக்கிற வழி: வீட்டுல எல்லா ஸ்விட்சும் ஆஃப். ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிடுங்க. மீட்டர்ல சின்னதா சிவப்பு லைட் ஒண்ணு சிமிட்டும். எல்லாம் ஆஃப்ல இருக்கும்போதும் அது சிமிட்டினா மாடிப்படி லைட்டோ தண்ணி மோட்டரோ உங்க தலையில ஓடுது. அப்புறம் 1,000 வாட் ஹீட்டர் ராடை பக்கெட் தண்ணியில போட்டு ஒரு நிமிஷம் எண்ணுங்க. மீட்டர் முகப்புல 3200 இம்ப் (ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல்)-னு போட்டிருந்தா நிமிஷத்துக்கு 53 சிமிட்டல் வரணும். கூட வந்தா மீட்டர் வேகமா ஓடுது.

குழாயடி | 6 ஜூலை, மதியம் 1.30

மீட்டர்பெட்டி தம்பி, எல்லா சப் மீட்டரும் 3200 கிடையாது. 1600 போட்ட மீட்டரில் பாதிதான் சிமிட்டும், படிக்கிறவர்கள் மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டு விடுவார்கள்.

மீட்டர்பெட்டி | 6 ஜூலை, மதியம் 2.10

சரிதான் அக்கா. முகப்புல போட்டிருக்கிற எண்ணை 60-ஆல வகுத்தா 1,000 வாட்டுக்கு ஒரு நிமிஷ எண்ணிக்கை வந்துடும். 1600-னா 26, 27.

இன்னொரு திருத்தமும் நானே சொல்லிடறேன். 53-ங்கிறது வோல்டேஜ் 230 இருந்தா. பழைய தெருக்கள்ல சாயங்காலம் 210-க்கு இறங்கும், அப்ப அதே ராடு 830 வாட்தான் இழுக்கும், 44 சிமிட்டல்தான் வரும். அது மீட்டர் கோளாறு இல்ல. 44-லேர்ந்து 58 வரைக்கும் விட்டுடுங்க. 65, 70-னு போனா மீட்டரை மாத்தித் தரச் சொல்லணும். அயர்ன் பாக்ஸ் வெச்சு எண்ணாதீங்க, சூடு ஏறினதும் அது தானா கட் ஆகும், கணக்கு தப்பிடும்.

பத்திரக்காரர் | 6 ஜூலை, இரவு 9.40

அட்வான்ஸ் பற்றி. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆறு மாதம் கேட்பது சட்டவிரோதம்.

மூணாவது மாடி | 6 ஜூலை, இரவு 10.15

"எதிரான ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்" என்ற வார்த்தையை விட்டுவிட்டீர்கள் சார். ஆறு மாசம் என்று ரெண்டு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது செல்லும். சட்டவிரோதம் என்று ஓனரிடம் போய் நின்றால் வீடு அடுத்த ஆளுக்குப் போகும், அவ்வளவுதான்.

பத்திரக்காரர் | 7 ஜூலை, காலை 7.05

ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் பாதிதான் எழுதினேன். மூன்று மாதம் என்பது பேரத்தைத் தொடங்கும் இடம். "சட்டத்தில் மூணு மாசம்தான் இருக்கு, நாலாவது மாசம் வரைக்கும் வர்றோம்" என்று மரியாதையாகக் கேட்டால் பலர் இறங்கி வருகிறார்கள். உங்களிடம் இருப்பது 60,000. ஆறு மாதம் என்றால் 69,000. ஐந்து மாதம் 57,500.

அதைவிடக் கவனிக்க வேண்டியது திரும்பி வரும் பணம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "அடுத்த குடித்தனம் வந்ததும் தருகிறேன்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். வாடகை ஏறிக்கொண்டே போகும் ஏரியாவில் ஓனர் 16,000-க்கு ஆள் தேடி மூன்று மாதம் வீட்டைப் பூட்டி வைப்பார், உங்கள் பணமும் அதோடு பூட்டிக் கிடக்கும்.

லோகோ பக்கம் | 7 ஜூலை, காலை 11.20

வெள்ளத்தை யாரும் கேட்கலையே. முதல் மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணி வராது, சரி. ஆனால் சம்ப் தரையில் இருக்கிறது. ஓட்டேரி நல்லா கால்வாய் நிரம்பி சந்துக்குள் முழங்கால் தண்ணி நின்றால் சாக்கடை சம்ப்புக்குள் இறங்கும். அதற்கப்புறம் ஒரு வாரம் லாரி தண்ணிதான்.

தெருவில் பார்க்க வேண்டியவை: சம்ப் மூடி ரோட்டு மட்டத்தை விட எவ்வளவு உயரம்? ஒரு அடி செங்கல் வளையம் கட்டி உயர்த்தியிருந்தால் அந்த ஓனர் ஒரு தடவை பட்டுத் தெரிந்தவர், நல்லதுதான். ரோட்டோடு ரோட்டாக மூடி இருந்தால் யோசியுங்கள். கேட்டுக்கு முன்னால் எத்தனை படி ஏறுகிறீர்கள், எத்தனை படி இறங்குகிறீர்கள் என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பல வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன. இ.பி. பெட்டி நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா? பழைய பெட்டியின் தடம் முழங்கால் உயரத்தில் சுவரில் தெரிகிறதா? காம்பவுண்டுச் சுவரில் பெயின்ட் ஒரே மட்டத்தில் உரிந்திருக்கிறதா?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று தண்ணி எங்கே நின்றது என்று புரோக்கரைக் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், கையை வைத்துக் காட்டுவார். "எத்தனை நாள் நின்னுது" என்பதையும் கேளுங்கள். உயரத்தை விட அது முக்கியம். நாலு மணி நேரத்தில் வடிகிற சந்தும் மூணு நாள் நிற்கிற சந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

குழாயடி | 7 ஜூலை, மாலை 4.45

தண்ணிக்கு நான். வீடு பார்க்கப் போகும்போது 50 ரூபாய் பெறாத மூணு பொருள் கொண்டு போங்கள்: வெள்ளை மக், ஒரு காலி பாட்டில், சோப்புத் துண்டு.

போர் தண்ணியை வெள்ளை மக்கில் பிடித்து இருபது நிமிஷம் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பிறகு மஞ்சள் தட்டினால் இரும்பு. வெள்ளைத் துணி எல்லாம் காவியாகும். பாட்டிலில் தண்ணியோடு குலுக்கிய சோப்பு நுரைக்காமல் திரிந்தால் உப்பும் கடினத்தன்மையும். டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்திருக்கிற உப்பின் அளவு) மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். குடிக்க 500-க்குள் இருக்கணும். வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு. குளிக்கத் துவைக்க 1,500 வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் ஹீட்டர் காயிலும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும். ஷவர் துளைகளைப் பாருங்கள். பாதி அடைத்து வெள்ளைப் பொருக்கு இருந்தால் மீட்டரே வேண்டாம்.

அழுத்தம்: 15 லிட்டர் பக்கெட் மூணு நிமிஷத்துக்குள் நிரம்பணும். நிரம்பவில்லை என்றால் குழாயா, பைப்பா என்று பிரிக்கணும். குழாயின் வாய்ச் சல்லடையைக் கழற்றிவிட்டு மறுபடி பிடியுங்கள். வேகம் வந்தால் பத்து ரூபாய் வேலை. வராவிட்டால் பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப் உள்ளே துரு அடைத்திருக்கிறது, சுவரை உடைக்கிற வேலை, ஓனர் செய்ய மாட்டார்.

மெட்ரோ வாட்டர் சம்ப்பில் வருகிறது என்றால் யார் மோட்டர் போடுகிறார்கள், எந்த நேரம், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் எத்தனை குடம் என்று அங்கே இருக்கிற பெண்களிடம் கேளுங்கள். வேலைக்குப் போகிற ரெண்டு பேருக்குக் காலை பத்து மணித் தண்ணியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

குழாயடி | 7 ஜூலை, மாலை 5.10

ஒன்று விட்டுப்போச்சு. மாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் பாத்ரூம் சாக்கடை வாயில் "களக் களக்" என்று சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வந்தால் வென்ட் பைப் அடைப்பு, அல்லது தெரு மேன்ஹோல் நிறைந்து நிற்கிறது. தரைத்தளமாக இருந்தால் அந்த வீடே வேண்டாம் என்பேன். முதல் மாடிக்கு நாற்றம் மட்டும்தான், ஆனால் அதோடு குடியிருக்க முடியாது.

வீடுதேடி | 8 ஜூலை, இரவு 8.30

போய்ப் பார்த்தேன். மீட்டர் 3200. எல்லாம் ஆஃப் செய்தும் விட்டு விட்டு சிமிட்டியது. ராடு போட்டு எண்ணினால் நிமிஷத்துக்கு 51. தண்ணி மஞ்சள் தட்டவில்லை, டி.டி.எஸ். 1,140. பக்கெட் ரெண்டரை நிமிஷம். சம்ப் மூடி ரோட்டுக்கு மேல் முக்கால் அடி. மிக்ஜாமில் கேட் வரை தண்ணி, ஒரு நாளில் வடிந்தது என்றார் இஸ்திரிக்காரர். ஹால் மூலையில் ஜன்னல் ஓரம் சாய்வாக ஒரு விரிசல்.

மீட்டர்பெட்டி | 8 ஜூலை, இரவு 8.50

51 நல்ல மீட்டர். ஆஃப்ல சிமிட்டறதுதான் விஷயம். மாடிப்படி லைட் ஸ்விட்சைப் போட்டு அணைச்சுப் பாருங்க, சிமிட்டல் கூடக் குறையுதா? அது இல்லேன்னா மொட்டை மாடி லைட், அப்புறம் வாசல் காலிங் பெல் டிரான்ஸ்ஃபார்மர். எலக்ட்ரீஷியன் அரை மணி நேரத்துல அந்த வயரைப் பிரிச்சு மெயின் பக்கம் மாத்திடுவாரு. ஓனர் செலவுல, குடி போறதுக்கு முன்னாடி.

ஏசி போடுற எண்ணம் இருந்தா இன்னொண்ணு. ஒன்றரை டன்னுக்கு மெயினிலேர்ந்து தனியா 4 ஸ்கொயர் எம்எம் வயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு கூடினா தானா விழுற ஸ்விட்ச்) வேணும். முப்பது வருஷக் கட்டடத்துல 15 ஆம்ப் பாயின்ட்டுக்கு மெல்லிசு வயர்தான் ஓடும், பிளக் உருகும். மூணு பின் டெஸ்டரைச் செருகி எர்த் இருக்கான்னு பார்த்துக்குங்க. வயரிங் ஓனர் பொறுப்பு, ஸ்விட்சும் சாக்கெட்டும் உங்க பொறுப்புன்னு நினைக்கறேன், பத்திரக்கார சார் சொல்லணும்.

பத்திரக்காரர் | 9 ஜூலை, காலை 6.50

சரியாகச் சொன்னீர்கள். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். கட்டட அமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாற்றுவது, உள்ளும் வெளியும் மின் வயரிங்: இவை ஓனர். குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை மற்றும் வாஷ் பேசின் பழுது, ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி: இவை குடியிருப்பவர்.

வெள்ளையடிப்பு ஓனர் பக்கம் இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் நம் ஊரில் காலி செய்யும்போது "பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை" பிடிப்பது வழக்கமாகிவிட்டது, ஒப்பந்தத்திலும் எழுதிவிடுகிறார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் பேசும். எடுக்க மறுத்தால் "24 மாதத்துக்குள் காலி செய்தால் மட்டும்" என்றாவது திருத்துங்கள்.

பதினோரு மாத ஒப்பந்தம் பற்றி யாரோ கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. 2017 சட்டப்படி எத்தனை மாதமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே செய்யலாம், பதிந்ததும் ஓர் எண் வரும். அந்த எண் இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அட்வான்ஸ் கேட்டு அதிகாரியிடம் போனால் கை கட்டப்பட்ட மாதிரிதான். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக, "அட்வான்ஸ்" என்று குறிப்பெழுதி அனுப்புங்கள்.

மூணாவது மாடி | 9 ஜூலை, காலை 9.30

பதினோரு மாதத்தில் இன்னொரு ஓட்டை. "ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் 10 சதவீதம்" என்றால் மூணு வருஷத்தில் ஏற்றம் மூணு தடவை வரும்: 12-வது, 23-வது, 34-வது மாதம். "12 மாதத்துக்கு ஒரு முறை" என்றால் ரெண்டு தடவைதான். 11,500-க்கு மூணு தடவை 10 சதவீதம் ஏறினால் 15,300 தாண்டும். ரெண்டு தடவை 5 சதவீதம் என்றால் 12,700-க்குள். புரோக்கர் சொன்ன மெட்ரோ ஏற்றத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரே வரிக்குள் வந்துவிடுகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டேன். வாடகை 11,500. மெயின்டனன்ஸ் 500. சப் மீட்டர் கூடுதல் 700. லாரி பங்கை வருஷத்துக்குப் பரப்பி 300 என்று வைக்கிறேன். 13,000 ஆச்சு. புரோக்கர் ஒரு மாசம், பெயின்டிங் ஒரு மாசம், சேர்ந்து 23,000. ரெண்டு வருஷம் இருந்தால் மாசம் 960, ஒரு வருஷத்தில் கிளம்பினால் மாசம் 1,900. ஆக உண்மையான வாடகை 14,000 சுற்றி. 13,000-க்குத் தனி மீட்டரோடு, புரோக்கர் இல்லாமல் கிடைத்தால் அதுதான் மலிவு.

லோகோ பக்கம் | 9 ஜூலை, மதியம் 12.40

புரோக்கர் இல்லாமல் கிடைக்கும். பெரம்பூரில் டு-லெட் பலகை பாதி வீட்டு வாசலில்தான் தொங்குகிறது, இணையத்தில் வராது. ஞாயிறு காலை ஏழிலிருந்து பத்து வரை நடந்தே சுற்றுங்கள். பால் பூத், மளிகைக் கடை, மாவு மில். ஐ.சி.எஃப்., லோகோ, கேரேஜ் ரயில் பட்டறை வேலைக்காரர்கள் ஓய்வு பெற்று மேல் மாடியை வாடகைக்கு விடுகிற வீடுகள் அயனாவரம் பக்கம் அதிகம். அவர்களுக்கு வாடகையை விட அமைதியான குடித்தனம் வேணும். ஏற்றத்திலும் நிதானம்.

பட்டாளம் பக்கம் பழைய பின்னி மில் இடத்தில் கோபுரக் குடியிருப்புகள் வந்த பிறகு சுற்றியிருக்கிற சந்துகளில் கேட்கிற வாடகை அதைப் பார்த்து ஏறுகிறது. மில் 1996-ல் மூடினது. அந்தத் தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகளில் மிச்சம் இருப்பவைதான் இன்னும் 7,000, 8,000-க்குக் கிடைப்பவை. பொதுக் கழிப்பறை, ஓட்டுக்கூரை. அதைக் குறைவாகப் பேச மாட்டேன், அங்கே குடும்பங்கள் கௌரவமாக வாழ்கின்றன.

சென்ட்ரல் போக மின்சார ரயில் இருக்கும்போது மெட்ரோவுக்காக யாரும் கூடுதல் கொடுக்க வேண்டாம். பெரம்பூர், பெரம்பூர் லோகோ, பெரம்பூர் கேரேஜ் என்று மூணு ஸ்டேஷன். நடந்து பத்து நிமிஷத்துக்குள் ஸ்டேஷன் இருக்கிற வீடாகப் பாருங்கள். மழை நாளில் சப்வே தாண்டித்தான் ஸ்டேஷன் போக வேண்டும் என்றால் அந்த வழி அடைபடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

குழாயடி | 9 ஜூலை, மாலை 6.00

அந்த விரிசலை யாரும் தொடவில்லையே. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிற விரிசல் பூச்சு விரிசலா, சுவர் விரிசலா என்று பார்க்கணும். வெளிப்பக்கம் போய் அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். இரு பக்கமும் இருந்து, ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிற அகலம் இருந்தால் அஸ்திவாரம் இறங்குகிறதோ என்று சந்தேகப்படணும். பூச்சில் மட்டும் என்றால் பயம் இல்லை. குடி போவதானால் விரிசல் முடிகிற இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, அளவுகோலை வைத்துப் படம் எடுத்து ஓனருக்கு அனுப்பி வையுங்கள். சுரங்கம் தோண்டுகிற தடத்துக்குப் பக்கத்து வீடு என்றால் இது ரொம்ப அவசியம். அப்புறம் யார் உண்டாக்கின விரிசல் என்ற பேச்சே வராது.

பத்திரக்காரர் | 10 ஜூலை, காலை 7.20

விரிசல் பேச்சில் நினைவு வந்தது. மெட்ரோ பாதையை ஒட்டிய பழைய மூன்று மாடிக் கட்டடங்களைப் பில்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. அறிகுறிகள்: மற்ற குடித்தனங்கள் காலியாகியும் டு-லெட் பலகை இல்லை, வாசலில் மண் பரிசோதனைக்குத் துளை போட்ட தடம், ஓனர் ஆறு மாத ஒப்பந்தம் போதும் என்கிறார். இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்வதும் சட்டம் அனுமதிக்கும் காரணம்தான், ஆனால் வாடகை நீதிமன்றம் வழியாக. தண்ணியையோ கரண்டையோ நிறுத்தி வெளியேற்ற முடியாது, அதற்கு வாடகை அதிகாரியிடம் மனு போடலாம். ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் மூன்று மாத நோட்டீஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வீடுதேடி | 10 ஜூலை, இரவு 9.15

ஓனர் போகியத்துக்கும் சம்மதம் என்கிறார். 6 லட்சம் கொடுத்தால் மூணு வருஷம் வாடகை இல்லை, முடிவில் பணம் திரும்ப வரும். ஊரில் நகையை வைத்தால் புரட்டலாம். கணக்கு நன்றாக வருகிறதே?

பத்திரக்காரர் | 10 ஜூலை, இரவு 9.25

வேண்டாம். குறைந்தபட்சம் வில்லங்கம் பார்க்காமல் வேண்டாம். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் போதும். வங்கியில் பத்திரம் ஒப்படைத்த பதிவு இருந்தால் அந்த வீட்டின் மேல் உங்களுக்கு முன்னால் வங்கி நிற்கிறது. ஓனர் தவணை கட்டத் தவறினால் வங்கி வீட்டை எடுக்கும், உங்கள் 6 லட்சத்துக்கு ஓனரைத்தான் துரத்த வேண்டும். போகியம் என்பது அடமானம், பதிவு செய்யாத போகியப் பத்திரம் செல்லாது. பதிய மாட்டேன் என்றால் அதுவே பதில்.

மூணாவது மாடி | 10 ஜூலை, இரவு 9.50

நகைக் கடன் வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். 6 லட்சத்துக்கு வருஷம் 9 சதவீதம் என்றாலே 54,000, மாசம் 4,500. வாடகையோடு ஒப்பிட்டால் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் போவது மாச வாடகை இல்லை, மொத்த நகை.

வீடுதேடி | 13 ஜூலை, மதியம் 3.40

போகியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பேசி முடித்தது: வாடகை 11,500, அட்வான்ஸ் ஐந்து மாசம், 12 மாதத்துக்கு ஒரு முறை 5 சதவீதம், பெயின்டிங் 24 மாதத்துக்குள் காலி செய்தால் மட்டும், மூணு மாச நோட்டீஸ். சிமிட்டினது மொட்டை மாடி லைட். வயரை மாற்றித் தருகிறார். சப் மீட்டர் விலை மெயின் பில்லைப் பார்த்துப் போடலாம் என்றார். விரிசல் உள்பக்கம் மட்டும். பதிவுக்கு வர ஓனர் கொஞ்சம் தயங்குகிறார், வருமான வரிக்குப் பயம் போல.

பத்திரக்காரர் | 13 ஜூலை, மாலை 5.05

வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால், வரிச் சலுகைக்காக நீங்கள் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) காட்டினால் எப்படியும் அவருடைய பான் எண் வேண்டும். அதை இப்போதே வெளிப்படையாகப் பேசுங்கள், பிறகு கேட்டால் மனக்கசப்பு. பதிவின்றி அட்வான்ஸ் முழுவதும் கொடுக்காதீர்கள். 5,000 டோக்கன் கொடுத்து ரசீது வாங்குங்கள், மிச்சம் பதிவு எண் வந்த அன்று.

மீட்டர்பெட்டி | 13 ஜூலை, மாலை 6.30

சாவி வாங்குற அன்னிக்கு சப் மீட்டர், மெயின் மீட்டர் ரெண்டையும் தேதியோட படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. பழைய குடித்தனத்தோட பாக்கி யூனிட் உங்க முதல் பில்லுல வந்து உட்காரும்.

குழாயடி | 13 ஜூலை, மாலை 6.55

குடி போவதற்கு முந்தின ஞாயிறு சம்ப்பையும் சின்டெக்ஸையும் கழுவச் சொல்லுங்கள். பாலைக் காய்ச்சிய பிறகு கேட்டால் யாரும் வர மாட்டார்கள்.